ஆடும் பல்லுக்கு நேரான படம்

"பல்லு ஆடுது, எடுத்து விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்காருகிறவர் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர்ப் பக்கத்துப் பல் மருத்துவர்களுக்கு நன்றாகப் பழகிய நோயாளி. குளத்தூரிலிருந்தோ நார்த்தாமலையிலிருந்தோ உடையாளிப்பட்டியிலிருந்தோ பஸ் ஏறி வந்திருப்பார். வலி பெரிதாக இருக்காது. வலித்திருந்தால் ஐந்து வருடம் முன்பே வந்திருப்பார். பெரும்பாலும் வலியே தராமல் பல்லைச் சுற்றியுள்ள எலும்பைத் தின்றுகொண்டு போவதுதான் ஈறு நோயின் வழக்கம். பெரியவர்கள் அதைப் பயோரியா என்பார்கள்.

அவர் வாயைத் திறந்த பிறகு வரும் முதல் பதினைந்து நிமிடத்தில் அந்தப் பல் நிற்குமா, போகுமா என்பது பாதி முடிவாகிவிடுகிறது. அந்தப் பதினைந்து நிமிட வேலையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். பி.டி.எஸ். முடித்துச் சிற்றூர் மருத்துவமனையில் சேரும் இளம் மருத்துவர், கட்டாயப் பயிற்சி ஆண்டில் இருக்கும் சி.ஆர்.ஐ. மாணவர், பக்கத்தில் நின்று படம் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர், ரேடியோகிராபர் என எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 50 பி.டி.எஸ். இடங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் பல் மருத்துவத்துக்கும் உண்டு என்பதால், கீரனூர் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இந்தப் படிப்பு எட்டாத ஒன்றல்ல. முதலில் சேர்ந்தவர்கள் பயிற்சி ஆண்டும் முடித்து 2028 வாக்கில் வெளியே வருவார்கள். அதன் பிறகு திருச்சி–புதுக்கோட்டை சாலையோர ஊர்களில் பல் மருத்துவர் பலகைகள் கூடும். "அங்க போனா பல்லைக் காப்பாத்திக் குடுப்பாக" என்று ஊர் யாரைச் சொல்கிறதோ, அவர் வாசலில்தான் கூட்டம் நிற்கும்.

அந்தப் பேரை விலையுயர்ந்த ஸ்கேன் கருவி வாங்கித் தராது. நேராக எடுத்த ஒரு சின்னப் படமும், ஈறுக்குள் நிதானமாக இறக்கிய ப்ரோப் என்ற அளவுக் கம்பியும் வாங்கித் தரும். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரை எந்த மருத்துவமனையும் விடாது.

படத்தில் என்ன தெரியும்?

ஆரோக்கியமான வாயில், பல்லின் எனாமல் முடியும் கோட்டிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கீழே எலும்பின் விளிம்பு நிற்கும். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். இந்த இரண்டு மில்லிமீட்டரை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

எலும்பு இரண்டு விதமாக இறங்கும். வரிசையாக எல்லாப் பல்லிலும் ஒரே மட்டத்தில் இறங்கியிருந்தால் கிடைமட்டச் சேதம். ஒரு பல்லின் பக்கத்தில் மட்டும் குழிபோல் சரிந்திருந்தால் செங்குத்துச் சேதம். பார்வைக்குப் பயமுறுத்துவது இரண்டாவதுதான். ஆனால் குழியைச் சுற்றி மூன்று பக்கமும் எலும்புச் சுவர் மிச்சமிருந்தால், அறுவைச் சிகிச்சையில் எலும்பை ஓரளவு திரும்ப வளரவைக்க அங்கேதான் வாய்ப்பு அதிகம். கிடைமட்டமாக இறங்கியது திரும்ப ஏறுவதில்லை. ஆகவே படத்தில் குழியைப் பார்த்ததும் "போச்சு, எடுத்துடலாம்" என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்துக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் பிரியும் இடம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வேருக்கும் நடுவே சின்னக் கறுப்பு முக்கோணம் தெரிகிறதா என்று பாருங்கள். மேல் கடைவாயில் இது இவ்வளவு சுலபமாகத் தெரியாது, அண்ணப் பக்கத்து வேர் குறுக்கே விழுந்து மறைத்துவிடும். பல் இடுக்கில் வெள்ளை முள்போல் நீட்டிக்கொண்டிருப்பது காறை. பழைய அடைப்பு விளிம்பு தாண்டித் துருத்திக்கொண்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். அந்தத் துருத்தலில் உணவு தங்கித் தங்கியே எலும்பு போயிருக்கும்.

படம் சொல்லாதவையும் உண்டு. ஈறுப் பையின் ஆழம் அதில் வராது. ரத்தக் கசிவு வராது. நோய் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா, எப்போதோ ஓடி நின்றுவிட்டதா என்பதும் வராது. கன்னப் பக்கத்திலும் நாக்குப் பக்கத்திலும் உள்ள எலும்பு பல்லின் நிழலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எலும்பில் 30 முதல் 50 சதவீதம் தாதுச்சத்து கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியத் தொடங்கும் என்பதால், படத்தில் தெரிவதைவிட வாய்க்குள் சேதம் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் ப்ரோப் இல்லாமல் படத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளவு எடுத்துத் தாளில் எழுதி, அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்க வேண்டும்.

கோணம்

இந்த வேலையில் உயிர் இருக்கும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் பயிற்சியில் இருந்தபோது மேல் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ஐ.ஓ.பி.ஏ., அதாவது வேர் நுனி வரை காட்டும் சின்ன எக்ஸ்ரே, எடுத்தேன். நோயாளி கட்டை விரலால் ஃபிலிமை அண்ணத்தோடு அமுக்கிப் பிடித்திருந்தார். குழாயை மேலிருந்து செங்குத்தாக இறக்கி அழுத்திவிட்டேன். படம் பளிச்சென்று வந்தது. எலும்பு நல்ல உயரத்தில் நின்றது. அந்தப் பல்லைத் தாங்கலாக வைத்துப் ப்ரிட்ஜ் கட்டலாம் என்று எழுதிக்கொண்டு போனேன். மூத்த மருத்துவர் படத்தைப் பார்க்கவே இல்லை. வளைந்த ப்ரோப்பை எடுத்து அந்தப் பல்லின் வேர்ப் பிரிவில் செருகினார். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "ஹோல்டரை வச்சுத் திரும்ப எடு" என்றார். எடுத்தேன். எலும்பு பாதி வேருக்கும் கீழே கிடந்தது. பல் ஒன்றுதான், அன்றைய நாளும் ஒன்றுதான். இரண்டு படமும் இரண்டு கதை சொல்லின. பொய் சொன்னது நான் வைத்த கோணம்.

காரணம் எளிமையானது. பல்லின் நீள அச்சுக்கு ஃபிலிம் இணையாக நிற்க வேண்டும், கதிர் இரண்டுக்கும் நேர் செங்குத்தாக விழ வேண்டும். விரலால் பிடிக்கும் முறையில் ஃபிலிம் பல்லோடு சாய்ந்துதான் நிற்கும். அதற்கு ஈடுகட்ட நாம் ஒரு கற்பனைக் கோட்டை வைத்துக் குழாயைச் சாய்க்கிறோம். சாய்ந்து வரும் கதிர் கன்னப் பக்கத்து எலும்பு விளிம்பைப் பல்லின் தலைப் பக்கமாகத் தள்ளிக் காட்டும். எலும்பு உள்ளதைவிட மேலே நிற்பதுபோல் தெரியும். சொத்தையோ வேர் நுனிச் சீழோ பார்ப்பதற்கு இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஈறு நோயில் நாம் பார்க்க வந்ததே அந்த விளிம்பைத்தான்.

ஆகவே ஃபிலிமை நேராகப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் பழகுங்கள். வளையம் உள்ள செட் என்றால் பெரும்பாலும் நீலம் முன்பல்லுக்கு, மஞ்சள் கடைவாய்க்கு, சிவப்பு, கடித்துப் பிடித்து எடுக்கும் பைட்விங் படத்துக்கு. ஃபிலிமைப் பல்லோடு ஒட்டி வைக்கப் பார்க்காதீர்கள். அண்ணத்தின் நடுப்பகுதிக்குத் தள்ளி வைத்தால்தான் நேராக நிற்கும். கீழ்த் தாடையில் நாக்குப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். டிஜிட்டல் படம் எடுக்கும் ஆர்.வி.ஜி. சென்சார் தடித்துக் கெட்டியாக இருப்பதால் கீழ் முன்கடைவாய்ப் பக்கத்தில் அழுத்தி வலிக்கும். அங்கே நோயாளியைப் பாதி வாய் மூடச் சொல்லிவிட்டு வைத்தால் தசை தளர்ந்து இடம் கொடுக்கும்.

பக்கவாட்டுக் கோணமும் தப்பக் கூடாது. பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தால் இடுக்கில் உள்ள எலும்பு மறைந்துவிடும். படத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் படத்தில் ஈறு நோயைப் படிக்க முடியாது.

சிலருக்குக் குமட்டும். அவசரப்படாதீர்கள். முன்பல்லிலிருந்து தொடங்கிக் கடைவாய்க்குக் கடைசியில் போங்கள். மூக்கால் மூச்சுவிடச் சொல்லி, ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நாக்கு நுனியில் துளி உப்பு வைப்பதும் பலருக்கு உதவும். குழாய், நேரம், அளவு எல்லாவற்றையும் முன்பே தயார் செய்துவிட்டுக் கடைசியில்தான் சென்சாரை வாயில் வைக்க வேண்டும்.

இன்னும் ஃபிலிம் கழுவும் கிளினிக்குகள் உண்டு. சித்திரை, வைகாசியில் டெவலப்பர் சூடேறினால் படம் புகை மூடியதுபோல் வரும். அந்த மாதங்களில் திரவத்தைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஃபிக்ஸர் போகச் சரியாகக் கழுவாத படம் சில மாதத்தில் பழுப்பேறும். ஈறு நோயில் பழைய படத்தைப் புதிய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சிகிச்சை பலித்ததா என்று சொல்ல முடியும். பழுப்பேறிய படத்தை எதோடு ஒப்பிடுவது? ஃபிலிமில் உள்ள புள்ளி எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்காமல், வலது இடது மாறி, வேறு பல்லில் கை வைத்த கதைகளும் உண்டு. பல் எண், பெயர், வயது, தேதி நான்கும் இல்லாத படத்தைக் கோப்பில் சேர்க்காதீர்கள்.

ஒரு கணக்கு

2017-ல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் சிகாகோவில் கூடி ஈறு நோயைப் புதிதாக வகைப்படுத்தின. 2018-ல் அது வெளியானது. இன்று நம் கல்லூரிகளிலும் நேர்காணல்களிலும் கேட்பது அதைத்தான். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு நான்கு நிலை. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு ஏ, பி, சி என மூன்று தரம். எலும்பு 15 சதவீதத்துக்குள் போயிருந்தால் முதல் நிலை. 15 முதல் 33 வரை இரண்டாம் நிலை. வேரின் நடுப்பகுதிக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிட்டால் மூன்றாம் அல்லது நான்காம் நிலை. முற்றிய ஈறு நோய் என்று நாம் சொல்வது கடைசி இரண்டையும். ஈறு நோயால் ஐந்து பல்லோ அதற்கு மேலோ போய், மென்று சாப்பிடுவதையே சீரமைக்க வேண்டி வந்தால் நான்காம் நிலை.

படத்தை வைத்து எப்படிக் கணக்கிடுவது? கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எனாமல் கோட்டிலிருந்து வேர் நுனி வரை 14 மில்லிமீட்டர். அதே கோட்டிலிருந்து எலும்பு விளிம்பு வரை 8 மில்லிமீட்டர். இயல்பான 2 மில்லிமீட்டரை இரண்டிலும் கழியுங்கள். 12-ல் 6 போயிருக்கிறது, அதாவது 50 சதவீதம். வேரின் நடுப்பகுதி. மூன்றாம் நிலையிலாவது இருக்கிறார்.

இப்போது வேகம். மிக மோசமான பல்லின் சதவீதத்தை வயதால் வகுக்க வேண்டும். நோயாளிக்கு 40 வயது என்றால் 50-ஐ 40-ஆல் வகுக்க 1.25 வரும். ஒன்றைத் தாண்டினால் சி தரம், வேகமாகப் போகிற நோய். அதே படம் 60 வயதுக்காரருடையது என்றால் 0.83. 0.25-க்கும் 1-க்கும் நடுவே இருப்பதால் பி தரம். எலும்பு ஒரே அளவில் போயிருந்தும் இரண்டு பேருக்கும் சிகிச்சையின் கெடு வேறு, அடுத்து எப்போது வரச் சொல்வது என்பதும் வேறு. வயது எழுதாத படத்தைக் கோப்பில் சேர்க்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவே காரணம்.

அந்த 60 வயதுக்காரரிடம் இன்னும் இரண்டு கேள்வி பாக்கி. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிக்கிறாரா? மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 7 சதவீதத்தைத் தொட்டிருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அவரும் சி தரத்துக்குப் போய்விடுவார். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் பத்துக் கோடிப் பேர் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. நம் ஊர்ப்பக்கத்தில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். "வீட்டுக்கு வந்து பார்த்தாங்களா, எவ்வளவு சொன்னாங்க?" என்று கேட்டால் சர்க்கரை இருக்கிறதா என்பதாவது தெரிந்துவிடும். மூன்று மாத அளவு தெரியாது என்றாலோ, ஒருபோதும் பார்த்ததில்லை என்றாலோ ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள். ஆடும் பல்லைக் காட்ட வந்தவருக்குச் சர்க்கரை இருப்பது பல் நாற்காலியில் முதல்முதலாகத் தெரியவருவது இந்தத் தொழிலில் அபூர்வம் அல்ல.

எந்தப் படம், எப்போது?

முதலில் ஓ.பி.ஜி. எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் என்பது உண்மை. விழுந்த பல் எத்தனை, புதைந்தது எது, தாடையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க நல்லது. ஆனால் முன்பற்களின் நடுப்பகுதியில் முதுகெலும்பின் நிழல் விழும், நுணுக்கம் குறையும். ஓ.பி.ஜி.யில் சந்தேகம் வந்த இடங்களுக்கு ஐ.ஓ.பி.ஏ. எடுத்தே முடிவுக்கு வாருங்கள். எலும்பு நிறைய இறங்கியவருக்குப் பைட்விங் எடுப்பதானால் ஃபிலிமை நிமிர்த்தி நிறுத்துங்கள். படுக்கவைத்தால் விளிம்பு படத்துக்கு வெளியே போய்விடும்.

சி.பி.சி.டி. முப்பரிமாணத்தில் காட்டும். மேல் கடைவாயின் வேர்ப் பிரிவு, சிக்கலான எலும்புக் குழி, அறுவைக்கு முந்தைய திட்டம் என்றால் அது வேண்டும். கதிர்வீச்சும் செலவும் கூட. வருகிறவருக்கெல்லாம் எழுதுவது முறையல்ல. ப்ரோப்பும் ஐ.ஓ.பி.ஏ.யும் பதில் சொல்லாத கேள்வி ஒன்று உங்கள் கையில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். எந்தக் கேள்வி என்பதையும் சீட்டிலேயே எழுதி அனுப்புங்கள்.

எலும்பு மட்டத்தைத் தானே அளந்து காட்டும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்கு 2021 முதல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து வருகிறது. நம்மூர்களுக்கும் அவை வரும். வரட்டும். கோணம் தப்பிய படத்தைக் கொடுத்தால் அதுவும் தப்பாகவே அளக்கும்.

ஈறு நோய்போல் தெரிவது

ஒரே ஒரு பல்லின் வேர் நுனி வரை கறுப்பு ஓடியிருந்தால், அது வேர் நரம்பு செத்துச் சீழ் மேலேறியதாக இருக்கலாம். பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதியுங்கள். வேர் சிகிச்சையிலேயே எலும்பு திரும்பிவிடக்கூடும்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் நம் பக்கத்தில் ஆண்களிடமும் பெண்களிடமும் உண்டு. குட்காவுக்கு 2013-ல் தடை வந்த பிறகும் பழக்கம் ஒழியவில்லை. அப்படி அடக்கும் பக்கத்தில் மட்டும் பல் ஆடுகிறது, காறை அவ்வளவாக இல்லை, படத்தில் எலும்பு எலி கடித்ததுபோல் ஒழுங்கில்லாமல் போயிருக்கிறது, பற்கள் பிடிமானமே இல்லாமல் மிதப்பதுபோல் நிற்கின்றன என்றால் கையை எடுத்துவிடுங்கள். அது புற்றுநோயாக இருக்கலாம். பல்லைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிய புண் ஆறவில்லை என்று மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வரும்போது காலம் கடந்திருக்கும். அன்றைக்கே சதைப் பரிசோதனைக்குப் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ அனுப்புங்கள். போனாரா என்று போன் போட்டுக் கேளுங்கள். உதவியாளராக இருந்தால், படத்தில் அப்படித் தெரிந்தவுடன் மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

உங்கள் கையும் முக்கியம்

ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த சில வாரங்களிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் வாயையே படம் எடுத்தார். 25 நிமிடம் அசையாமல் கிடந்தார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்பவர் பல் எக்ஸ்ரேயை ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தார். குழாய் சரியாக இருக்கிறதா என்று தன் கையைக் குறுக்கே வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். விரல்களில் புற்று வந்தது. விரல் போய், கை போய், தோள் வரை போய், 1928-ல் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

இன்றைக்குக் கதிர் விழும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. டிஜிட்டல் ஐ.ஓ.பி.ஏ. ஒன்றில் நோயாளிக்குச் சேரும் அளவு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் ஒரு நாளில் சாதாரணமாக வாங்கும் அளவை ஒட்டியதுதான். நோயாளி பயந்தால் இதைச் சொல்லலாம். ஆனால் அவர் எடுப்பது வருடத்துக்கு இரண்டு மூன்று படம், நீங்கள் எடுப்பது தினமும். எந்தப் பல்லுக்கும் ஃபிலிமை உங்கள் விரலால் ஒருபோதும் பிடிக்காதீர்கள். அழுத்தும்போது ஆறடியாவது தள்ளி, கதிர் போகும் திசைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். கதிர் வேலையில் இருப்பவருக்கு நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு, எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கருவியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் பதிவு செய்வது முதலாளியின் கடமை. வேலையில் சேரும்போது, "கருவிக்கு வாரியப் பதிவு இருக்குங்களா சார்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்காகவே உங்களை நினைவில் வைத்துக்கொள்வார்.

படத்தைக் காட்டிப் பேசுவது

எடுத்த படத்தைக் கோப்பில் போட்டு மூடிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. "க்ளீன் பண்ணுனா பல்லு ஆடும்" என்ற நம்பிக்கையை உடைக்க வாய்ப்பேச்சு போதாது, படம் வேண்டும். பேச்சு இப்படிப் போகும்.

"சுத்தம் பண்ணுனா பல்லு கலகலத்துப் போகும்னு எங்கூர்ல சொல்றாக, தாயி. எடுத்து விட்டுருங்க."

"ஒரு நிமிசம் இந்தப் படத்தைப் பாருங்க அப்பத்தா. இந்த முள்ளு மாதிரி இருக்கறது பல்லு இல்ல, காறை. எலும்பு இந்தக் கோடு வரைக்கும் இருந்திருக்கணும். இப்ப எங்க நிக்குது பாருங்க. கண்மாய்க் கரையில நிக்கிற பனைக்கு அடியில மண்ணு அரிச்சுப் போன மாதிரி."

"ஆமா. அப்ப அந்தக் காறைதானே பல்லைப் புடிச்சுக்கிட்டு நிக்குது?"

"புடிச்சிருக்க மாதிரிதான் தெரியும். மண்ணை அரிக்கறதே அதுதான் அப்பத்தா. எடுத்ததும் ரெண்டு நாளைக்கு ஆடுற மாதிரி இருக்கும். அப்புறம் ஈறு இறுகிக்கும்."

"போன எலும்பு திரும்ப வருமா?"

"இந்தப் பக்கம் வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். இந்தக் கடைசிப் பல்லு ஒண்ணு மட்டும் நிக்காது, அதை எடுத்துருவோம். மத்ததை விட்டுக்குடுக்க வேணாம்."

கடைசி பதிலைக் கவனியுங்கள். எல்லாப் பல்லையும் காப்பாற்றலாம் என்று சொல்லவில்லை. நிற்காது என்பதை நிற்காது என்று படத்தை வைத்தே சொன்னால், நிற்கும் என்று சொல்வதை அவர் நம்புவார். ஆழமாகச் சுத்தம் செய்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி ப்ரோப்பால் திரும்ப அளவெடுங்கள். எலும்பில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதற்கு முன்பு மறுபடி படம் எடுத்து நோயாளியைச் செலவழிக்க வைக்காதீர்கள்.

வேலைக்குப் போகும்போது

ஈறு நோயிலேயே நிற்க விரும்புகிறவருக்கு பி.டி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி.எஸ். பெரியோடான்டிக்ஸ். படத்தைப் படிப்பதில் மனம் போனால் வாய் நோயறிதல், கதிரியல் பிரிவு. பிளஸ் டூவுக்குப் பிறகு சீக்கிரம் வேலைக்கு வர வேண்டியவர்களுக்கு இரண்டாண்டு டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பு இருக்கிறது. சிற்றூர்களில் இவர்கள் அருமை இன்னும் உணரப்படவில்லை. ஒரு மருத்துவரின் நாளில் பாதியை விடுவிக்கக்கூடியவர்கள் இவர்கள். அரசு வேலை தேடுகிறவர்கள் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி.யின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். உதவிப் பல் மருத்துவர், ரேடியோகிராபர் பணியிடங்கள் அதன் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன.

நேர்காணலுக்குச் சான்றிதழோடு ஐந்து நோயாளிகளின் படக்கோப்பும் கொண்டுபோங்கள். பெயரையும் முகத்தையும் மறைத்துவிடுங்கள். நோயாளியிடமும் மருத்துவமனையிடமும் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முதல் படம், ப்ரோப் அளவு, நிலை, தரம், ஆறு மாதம் கழித்த படம். சிகிச்சை பலிக்காத ஒன்றையும் சேர்த்து வையுங்கள். ஏன் பலிக்கவில்லை என்று நீங்கள் விளக்குவதைக் கேட்டே நேர்காணல் எடுப்பவர் முடிவெடுத்துவிடுவார்.

சேர்ந்த முதல் வாரத்தில் எக்ஸ்ரே அறையின் அலமாரியைத் திறந்து பாருங்கள். ஹோல்டர் செட் இருக்கும், சில இடங்களில் பிரிக்காமலே தூசி படிந்து கிடக்கும். எடுத்துக் கழுவி, ஆட்டோகிளேவில் போட்டுப் பயன்படுத்தத் தொடங்குங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றால், உங்கள் முதல் மாதச் சம்பளத்தில் நீங்களே ஒன்று வாங்கிவிடுங்கள்.